'எண்ணப்பட்ட பண்டங்கள்' வேண்டாம்: ஒரு சுங்கச் சொல்லுக்குத் தமிழ் தேடி

பொருள்: இந்தச் சொல்லுக்கு உதவி தேவை
அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், திருச்சி

குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரிப் பாடநூல் ஒன்றுக்காக, அமெரிக்கக் கண்டத்து ஆங்கிலேயக் காலனிகளின் பொருளாதார வரலாறு பற்றிய இரண்டு இயல்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாட்களாக ஒரே சொல்லில் வண்டி நிற்கிறது: 'எனுமரேட்டட் கமாடிட்டீஸ்'. எனக்கு முன் இந்த இயலைத் தொட்டவர் விட்டுச்சென்ற வரைவில் 'எண்ணப்பட்ட பண்டங்கள்' என்று இருக்கிறது. யார் எண்ணினார்கள், எத்தனை என்று எண்ணினார்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. நம் மொழியில் எண்ணுவது என்றால் நினைப்பதும்தான். 'மனத்தில் நினைக்கப்பட்ட பண்டங்கள்' என்று ஒரு மாணவர் தேர்வில் விளக்கம் எழுதிவைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1651இல், இங்கிலாந்தில் மன்னர் இல்லாத காலத்தில், ஒரு கப்பற்போக்குவரத்துச் சட்டம் வந்தது. டச்சுக்காரர்களின் கப்பல்களை ஆங்கிலேயரின் வாணிபத்திலிருந்து விரட்டுவதே அதன் நோக்கம். 1660இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியதும் நாடாளுமன்றம் அதைப் புதிதாக இயற்றியது. கப்பல் ஆங்கிலேயருடையதாக இருக்க வேண்டும், மாலுமிகளில் நான்கில் மூன்று பங்கினர் ஆங்கிலேயராக இருக்க வேண்டும் என்பதோடு, இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சர்க்கரை, புகையிலை, பஞ்சு, நீலம், இஞ்சி, சாயமரங்கள் என்று சில பொருள்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தி, ஆங்கிலேயக் காலனிகளில் விளையும் இவை இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகியவற்றுக்கோ வேறோர் ஆங்கிலேயக் காலனிக்கோ மட்டுமே போகலாம் என்றது. 1671இல் அயர்லாந்தும் அந்த வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. இப்படிப் பெயர் சொல்லப்பட்டவைதான் நம் தலைவலிக்குரிய பண்டங்கள். 1705 வாக்கில் அரிசி, கழிவுப்பாகு, தார், பாய்மரத்தடி ஆகியவையும், 1722இல் பீவர் என்னும் விலங்கின் தோலும் செம்புத் தாதுவும் சேர்ந்தன.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? வர்ஜீனியாவின் புகையிலைக்கு ஆம்ஸ்டர்டாமில் எவ்வளவு நல்ல விலை கிடைத்தாலும் நேரே அனுப்ப முடியாது. லண்டனில் இறங்க வேண்டும். தீர்வை, தரகு, கிடங்கு வாடகை எல்லாம் கொடுத்துவிட்டு வேறு கப்பலில் ஏற வேண்டும். 1770களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்கு வந்த அமெரிக்கப் புகையிலையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் மறுபடி ஐரோப்பாவுக்கே போயிற்று. புகைத்தவர் பிரான்சிலும் ஹாலந்திலும் இருந்தார். இடையில் நின்று காசு பார்த்தவர் லண்டனிலும் கிளாஸ்கோவிலும் இருந்தார். 1707இல் இங்கிலாந்தோடு இணையும்வரை ஸ்காட்லாந்தும் இந்த வாணிபத்துக்கு வெளியேதான் நின்றது. இணைந்த சில பத்தாண்டுகளில் கிளாஸ்கோவின் புகையிலை வணிகர்கள் பெருஞ்செல்வர்களாகிவிட்டார்கள். அந்த ஊர்த் தெருக்கள் சில இன்றும் அவர்கள் பெயரில் இருக்கின்றன. வர்ஜீனியா தெரு என்றே ஒன்று உண்டு.

நான் யோசித்தவை இரண்டு.

'பட்டியற்சரக்கு'. சொல்லுக்குச் சொல் நேர்மையானது. ஆனால் பட்டியல் என்றவுடன் இன்றைய வாசகருக்குப் பட்டியல் சாதியும், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமும்தான் நினைவுக்கு வருகின்றன. தவிர, பட்டியலில் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்தச் சொல் சொல்வதில்லை. மளிகைக்கடைச் சீட்டும் பட்டியல்தான்.

'பிணைச்சரக்கு'. இதில்தான் என் மனம் போகிறது. இங்கிலாந்திலிருந்து காலனிக்குப் புறப்படும் கப்பல், ஏற்றும் சரக்கைச் சட்டம் சொன்ன துறைகளிலேயே இறக்குவேன் என்று பிணை எழுதிக் கொடுக்க வேண்டும். நூறு டன்னுக்குக் குறைந்த கப்பலுக்கு 1,000 பவுண்டு, அதற்கு மேற்பட்டதற்கு 2,000 பவுண்டு. அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பம் பல தலைமுறைக்கு உட்கார்ந்து சாப்பிடக்கூடிய பணம். பிணை என்ற சொல்லில் ஜாமீனும் இருக்கிறது, கட்டுதலும் இருக்கிறது. இதைவிடப் பொருத்தம் வேறு கிடைக்குமா?

கருத்துச் சொல்லுங்கள்.

*

பொருள்: மறு: இந்தச் சொல்லுக்கு உதவி தேவை
அனுப்பியவர்: ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி, தூத்துக்குடி

அம்மா, 'பிணைச்சரக்கு' வேண்டாம். அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார்.

நான் முப்பது ஆண்டு துறைமுகத்தில் உப்புக்காற்று தின்றவன். எங்கள் தொழிலில் பிணையில் இருக்கும் சரக்கு என்றால், தீர்வை கட்டாமல் கிடங்கில் பூட்டிவைத்திருப்பது. வணிகர் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். உள்நாட்டில் விற்க எடுத்தால் தீர்வை கட்டுவார். வெளிநாட்டுக்கே திருப்பி அனுப்பினால் கட்டமாட்டார். அந்தக் கிடங்குக்குப் பிணைக்கிடங்கு என்று தமிழில் எழுதுவோரும் உண்டு. நீங்கள் சொல்லும் சரக்கு அதுவன்று. உங்களுடையது தீர்வை கட்டினாலும் கட்டாவிட்டாலும் போகும் இடம் கட்டுப்பட்டது.

குழப்பம் வரத்தான் செய்யும் என்பதற்கு உங்கள் காலத்திலிருந்தே சான்று தருகிறேன். 1700இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இந்தியா முதலிய நாடுகளின் சாயமிட்ட, அச்சிட்ட பருத்தித் துணியை அங்கே யாரும் உடுத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. நம் சோழமண்டலக் கரைச் சீட்டித் துணியும் அதில் அடக்கம். துணி லண்டனுக்கு வரலாம். ஆனால் கிடங்கில் வைத்து, வெளியே மட்டுமே அனுப்ப வேண்டும். 1721இல் தடை இன்னும் இறுகியது. அந்தத் துணிதான் ஒழுங்கான பிணைச்சரக்கு. அது ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் அடிமைகளுக்கு விலையாயிற்று. அமெரிக்கக் காலனிகளுக்கும் போயிற்று. ஒரே இயலில் வர்ஜீனியாப் புகையிலையையும் சோழமண்டலச் சீட்டியையும் நீங்கள் பிணைச்சரக்கு என்றால், மாணவர் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்.

என் பங்குக்கு: 'துறைக்கட்டுச் சரக்கு'. இன்ன துறையில்தான் இறங்க வேண்டும் என்று கட்டப்பட்ட சரக்கு.

*

பொருள்: மறு: மறு: இந்தச் சொல்லுக்கு உதவி தேவை
அனுப்பியவர்: வரலாற்று ஆசிரியர், யாழ்ப்பாணம்

ஐயாவின் விளக்கம் தெளிவு. ஆனால் 'துறைக்கட்டு' எனக்கு ஒட்டவில்லை. துறை என்றால் இன்று கல்வித்துறை, காவல்துறை. அதை மறந்தாலும் பொருள் பொருந்தவில்லை. சட்டம் ஒரு துறையைக் கட்டவில்லை. லண்டனில் இறக்கலாம், பிரிஸ்டலில் இறக்கலாம், பாஸ்டனுக்கோ பார்படோசுக்கோ கொண்டுபோகலாம். கொடி ஒன்றாக இருந்தால் போதும். 1673இல்தான் காலனிக்குக் காலனி கொண்டுபோவதற்கும் வரி வந்தது, புகையிலைக்கு இறாத்தலுக்கு (ஒரு பவுண்டு எடைக்கு) ஒரு பென்ஸ். காலனிக்குக் கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டு நேரே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகிறார்கள் என்ற சந்தேகம்தான் காரணம்.

வேறு இரண்டு சொற்களையும் கவனிக்கச் சொல்வேன், மொழிபெயர்ப்பாளர் அம்மா கோபிக்கக் கூடாது.

முதலாவது, 'காலனி'. எங்கள் பாடநூல்களில் குடியேற்றநாடு என்று எழுதுவோம். உங்கள் பக்கத்தில் காலனி என்றால் வீட்டுமனைகளும் நினைவுக்கு வருமே. ஆனாலும் குடியேற்றநாடு என்பதை எல்லா இடத்திலும் போடவும் முடியாது என்று ஒப்புக்கொள்கிறேன். பார்படோசில் குடியேறியவர்களைவிடக் கைகால் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களே அதிகம். அவர்களைக் குடியேறியவர்கள் என்று சொல்ல நாக்கு எழாது.

இரண்டாவது, இன்னும் கெட்டது. நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் இங்கிலாந்தைத் 'தாய்நாடு' என்று எழுதியிருக்கிறீர்கள். மூலத்தில் அப்படி இருக்கலாம். தமிழ் வாசகனுக்குத் தாய்நாடு என்றால் தன் நாடு. 'காலனிகள் தம் விளைபொருளைத் தாய்நாட்டுக்கே அனுப்ப வேண்டும்' என்று படித்தால் ஏதோ நாட்டுப்பற்றுப் போலத் தோன்றும். ஆளும் நாடு என்றே போடுங்கள். கசப்பாக இருந்தாலும் உண்மை.

தீர்வை என்ற சொல்லைக் கைவிடாததற்கு நன்றி. இங்கே எங்களுக்கு அது அன்றாடச் சொல். குறளில் 'உல்குபொருள்' என்று சுங்கத்துக்கே பழந்தமிழ் இருக்கிறது; அதை உயிர்ப்பிக்க ஆசைதான். மாணவர்கள் பாவம் என்று விட்டுவிட்டேன்.

*

பொருள்: மறு: மறு: மறு: இந்தச் சொல்லுக்கு உதவி தேவை
அனுப்பியவர்: குழு உறுப்பினர், மதுரை

வாணிபம் அன்று, வாணிகம். குறள் 120ஐப் பார்க்கவும். மற்றபடி விவாதம் நன்றாகப் போகிறது.

*

பொருள்: வழிப்பூட்டு?
அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், திருச்சி

பொருள் வரியை மாற்றியிருக்கிறேன். 'வாணிபம்' இயல் முழுவதும் வாணிகம் ஆகிவிட்டது, மதுரைக்கு நன்றி. தாய்நாட்டையும் எடுத்துவிட்டேன். அதை எழுதியபோது எனக்கே ஏன் உறுத்தவில்லை என்று வெட்கமாக இருக்கிறது.

'பிணைச்சரக்கு' செத்தது. ஐயா சொன்ன சீட்டித் துணிக்கு முன்னால் அது நிற்காது. ஆனால் ஆசிரியர் சொன்னதைப் படித்தபோது ஒன்று தெளிவாயிற்று. நாம் சரக்குக்குப் பெயர் தேடுகிறோம். சட்டம் கட்டியது சரக்கையே அன்று, அது போகும் வழியை. புகையிலை விளைவிக்காதே என்று சட்டம் சொல்லவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் விளைவி, ஆனால் இந்த வழியாகப் போ என்றது. வழியைக் கட்டினால் நிலத்தில் என்ன விளையும் என்பதே மாறிவிடுகிறது.

சான்று, கோதுமை. அது அந்த வரிசையில் இல்லை. கோதுமையையும் மாவையும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் தெற்கு ஐரோப்பாவுக்கும் நேரே விற்கலாம். 1760களில் ஜார்ஜ் வாஷிங்டன், புகையிலை அனுப்பி லண்டன் தரகரிடம் கடன்பட்டது போதும் என்று, தம் மவுண்ட் வெர்னான் பண்ணையில் புகையிலையைக் கைவிட்டுக் கோதுமைக்கு மாறினார். நிலம் களைத்ததும் ஒரு காரணம். ஆனால் கோதுமைக்கு வழி திறந்திருந்தது. பால்டிமோர் என்ற துறைமுக நகரம் வளர்ந்ததே பெரிதும் இந்தக் கோதுமையாலும் மாவாலும்தான்.

இன்னொரு சான்று, தென் கரோலினாவின் அரிசி. வரிசையில் சேர்ந்த பிறகு அது இங்கிலாந்தைத் தொட்டுத்தான் ஐரோப்பா போக வேண்டியதாயிற்று. தோட்டக்காரர்கள் முறையிட்டு முறையிட்டு, 1730இல் ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனைக்குத் தெற்கே உள்ள ஐரோப்பாவுக்கு நேரே அனுப்ப இசைவு பெற்றார்கள். வடக்கே ஹாலந்துக்கும் ஜெர்மானியத் துறைகளுக்கும் போவது பழையபடிதான். அதற்காகவே ஐல் ஆஃப் வைட் தீவின் கவ்ஸ் என்ற சின்னத் துறை அரிசித் துறையாகிவிட்டது. அரிசி விளையாத, அரிசியைப் பெரிதாக உண்ணாத ஊர். கரோலினாவிலிருந்து கப்பல் வரும்; சுங்கக் கணக்கு எழுதப்படும்; தீர்வை கட்டப்படும்; அதே அரிசி வடக்கே புறப்படும். மாமியார் வீட்டு வாசலில் தலையைக் காட்டிவிட்டு ஊருக்குப் போவது போல.

இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் வாய்ப்பூட்டுச் சட்டம் நினைவுக்கு வந்தது. 1878இல் இந்திய மொழிப் பத்திரிகைகள் மீது வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்ததற்கு நம்மவர்கள் வைத்த பெயர். என்ன சட்டம் என்று கேட்டவுடனே புரிகிறது. அதே அச்சில் 'வழிப்பூட்டு' என்றால்? வழிப்பூட்டுச் சரக்கு, வழிப்பூட்டு முறை, வழிப்பூட்டுத் தளர்வு என்று நீட்டவும் வருகிறது.

*

பொருள்: மறு: வழிப்பூட்டு?
அனுப்பியவர்: ஆய்வு மாணவர், டெல்லி

அக்கா, சொல் அழகாக இருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது. வாய்ப்பூட்டுச் சட்டம் என்பது எதிர்த்தவர்கள் வைத்த பெயர். மேடைச் சொல். நாம் எழுதுவது பாடநூல். 'எனுமரேட்டட்' என்பதில் எந்தக் கோபமும் இல்லை. பெயர் சொல்லப்பட்டவை, அவ்வளவே. நீங்கள் தீர்ப்பையே பெயராக வைக்கிறீர்கள்.

தீர்ப்பும் முழுச் சரி என்று சொல்ல முடியாது. 1960களில் பொருளாதார வரலாற்றாளர்கள் இந்தச் சட்டங்களால் அமெரிக்கக் காலனிகளுக்கு ஏற்பட்ட இழப்பைக் கணக்கிட்டபோது, மொத்த வருமானத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் வந்தது. லாபக் கணக்கும் உண்டு. காலனிக்காரர்களும் சட்டப்படி ஆங்கிலேயர்களே. அவர்கள் கட்டிய கப்பலும் ஆங்கிலக் கப்பலே. டச்சுப் போட்டி இல்லாத கடலில் நியூ இங்கிலாந்தின் கப்பல் கட்டும் துறைகள் செழித்தன. அமெரிக்கப் புரட்சிக்குச் சற்று முன் பிரிட்டனின் வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று காலனியில் கட்டப்பட்டது. புகையிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலனிப் புகையிலைக்குச் சந்தை வேண்டும் என்பதற்காக இங்கிலாந்து தன் சொந்த உழவர்கள் புகையிலை பயிரிடுவதையே தடை செய்தது. குளாஸ்டர்ஷையரின் வின்ச்கோம் ஊரில் உழவர்கள் அதை எதிர்த்து நின்றார்கள். பயிரை அழிக்கப் படைவீரர்களை அனுப்ப வேண்டியிருந்தது. பூட்டு இரண்டு பக்கமும் விழுந்திருக்கிறது.

ஆதம் ஸ்மித்கூட இந்தக் கட்டுப்பாடுகளைக் கடுமையாகக் கண்டித்துக்கொண்டே, 1660 சட்டம் இங்கிலாந்தின் வணிகச் சட்டங்களிலேயே ஒருவேளை மிக விவேகமானது என்றும் சொன்னார். செல்வத்தைவிட நாட்டின் பாதுகாப்பு முக்கியம் என்பது அவருடைய கணக்கு.

இன்னொரு பக்கம், பூட்டுப் போட்டால் திறக்கவும் ஆள் இருந்தார்கள். 1733இல் அயல்நாட்டுக் கழிவுப்பாகு மீது கேலனுக்கு ஆறு பென்ஸ் தீர்வை விதித்தார்கள். பிரான்ஸ் தன் பிராந்தியைக் காக்க, கழிவுப்பாகிலிருந்து வடிக்கும் ரம்மை ஒதுக்கியதால், பிரெஞ்சுத் தீவுகளில் கழிவுப்பாகு மலிந்து கிடந்தது. நியூ இங்கிலாந்தின் சாராய வடிப்பாலைகள் அந்தத் தீர்வையைக் கட்டியா வாங்கின? சுங்கக்காரருக்குக் கொஞ்சம், கப்பல்காரருக்குக் கொஞ்சம் என்று கடத்தல்தான். 1764இல் அதை மூன்று பென்ஸாகக் குறைத்து, ஒழுங்காக வசூலிக்கப் புறப்பட்டபோதுதான் கலகமே தொடங்கியது.

எனவே என் வாக்கு வெறும் 'பட்டியற்சரக்கு'க்கே. அது சாதியை நினைவூட்டினால் 'பெயர்சுட்டிய சரக்கு' என்று வைத்துக்கொள்ளலாம்.

*

பொருள்: மறு: மறு: வழிப்பூட்டு?
அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், திருச்சி

தம்பி, நீங்கள் சொன்ன தகவல் எதையும் மறுக்கப் போவதில்லை. வின்ச்கோம் எனக்குத் தெரியாது; சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் முடிவில் உங்களோடு வரமுடியவில்லை.

முதலில் அந்த ஒரு சதவீதம். அது எல்லார் தலைக்கும் பங்கிட்டுப் பார்த்த சராசரி. சுமையில் பெரும்பகுதி விழுந்தது புகையிலையின் மீதும் அரிசியின் மீதும். அதாவது தெற்கின் மீது. பாஸ்டன் கப்பல்காரரையும் வர்ஜீனியாத் தோட்டக்காரரையும் ஒரே உரலில் இடித்துச் சராசரி எடுத்தால் இரண்டு பேரின் கதையும் கெட்டுப்போகிறது. தோட்டக்காரருக்குப் பூட்டின் வலி எதில் தெரிந்தது? கடனில். லண்டன் வணிகர் புகையிலையை விற்றுக் கொடுப்பார். அவரே நாற்காலி, பட்டுத்துணி, சேணம் எல்லாம் கடனுக்கு அனுப்புவார். 1663 சட்டப்படி ஐரோப்பியச் சரக்கும் இங்கிலாந்து வழியாகத்தானே வர வேண்டும். தாமஸ் ஜெபர்சன், இந்தக் கடன்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு வாரிசாகப் போகின்றன, தோட்டக்காரர்கள் லண்டன் வணிக நிறுவனங்களின் ஒருவகைச் சொத்து என்றார். ஆனால் அந்த 'சொத்து'க்கே சொத்தாக வயலில் நின்ற அடிமைகளின் கணக்கு எந்தச் சதவீதத்திலும் இல்லை. ஜெபர்சனின் புலம்பலிலும் இல்லை.

இடையில் ஒரு வேடிக்கை. அந்த 1663 சட்டத்தில் சில விலக்குகள் உண்டு: மீன் பதனிட உப்பு, மதேரா தீவின் ஒயின் என்று. அந்த ஒரு விலக்கால், பிரெஞ்சு ஒயினை நேரே வாங்க முடியாத காலனிச் சீமான்கள் எல்லாரும் மதேரா ரசிகர்களாகிவிட்டார்கள். நாக்கின் ருசிகூடச் சுங்கச் சட்டத்தின் பின்னே போகிறது.

இனி 'தீர்ப்பையே பெயராக வைக்கிறீர்கள்' என்ற குற்றச்சாட்டு. பூட்டு என்றால் சிறைக்கதவு மட்டுமா நினைவுக்கு வருகிறது? நகைப்பெட்டிக்கும் பூட்டுத்தான் போடுகிறோம். மாட்டை ஏரில் பூட்டுவதும் பூட்டுத்தான். உங்கள் கப்பல் கட்டும் துறைகளும், இங்கிலாந்தில் தடை செய்யப்பட்ட புகையிலைப் பயிரும் இந்தச் சொல்லுக்குள் அடங்குகின்றன. போட்டிக்காரன் உள்ளே வராமல் காத்ததும் அதே பூட்டு. விளைவித்தவன் வெளியே போகாமல் தடுத்ததும் அதே பூட்டு.

பூட்டுக்குள் வளர்ந்த பயிர் என்ன ஆகும் என்பதற்குத் தென் கரோலினாவின் நீலத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. எலைசா லூக்கஸ் என்ற இளம்பெண் 1740களில் அங்கே நீலத்தை வெற்றிகரமாக விளைவித்துக் காட்டினார். சாயம் இறக்கும் நுட்பத்திலும் உழைப்பிலும் அடிமைகளின் கை இருந்தது. பிரெஞ்சு நீலத்தை நம்பியிருக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் 1748இல் இறாத்தலுக்கு ஆறு பென்ஸ் ஊக்கத்தொகை கொடுத்தது. வரிசையில் பெயர் இருக்கிறது, வழி ஒன்றே. ஆனால் அந்த ஒரு வழியில் பணம் கொட்டுகிறது. 1775 வாக்கில் ஆண்டுக்குப் பத்து லட்சம் இறாத்தலுக்கு மேல் ஏற்றுமதி. பிறகு விடுதலை வந்தது. பூட்டு கழன்றது, கூடவே ஊக்கத்தொகையும் போயிற்று. சில பத்தாண்டுகளில் கரோலினா நீலம் கதையாகிவிட்டது. தோட்டக்காரர்கள் பஞ்சுக்குப் போனார்கள். பிரிட்டனின் ஆலைகளுக்கு நீலம் வேண்டுமே? கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தைப் பார்த்தது. அங்கே உழவரின் கையில் முன்பணத்தைத் திணித்து நீலம் விதைக்க வைத்தார்கள். 1859இல் வங்காள உழவர்கள் விதைக்க மாட்டோம் என்று எழுந்தது அந்தச் சங்கிலியின் இன்னொரு கண்ணி. இதில் கரோலினாவின் மண் எங்கே தவறு செய்தது? வங்காளத்தின் மண் எங்கே வேண்டிக்கொண்டது? இதை 'பெயர்சுட்டிய சரக்கு' என்று சொன்னால், சுட்டியவர் விரலைக் காணோம்.

ஒன்றை நானே ஒப்புக்கொள்கிறேன். வழிப்பூட்டு எல்லாவற்றையும் மூடாது. வெல்லச் சர்க்கரைக்குக் குறைந்த தீர்வையும், சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரைக்கு மிகக் கூடுதல் தீர்வையும் போட்டு, சுத்திகரிப்பை லண்டனிலும் பிரிஸ்டலிலும் வைத்துக்கொண்டது வேறு கதை. 1732இல் தொப்பிகளைக் காலனியிலிருந்து வெளியே விற்கக் கூடாது என்றதும், 1750இல் வார்ப்பிரும்பைத் தீர்வையின்றி வாங்கிக்கொண்டு, இரும்பைத் தகடாக்கும், எஃகாக்கும் புதிய ஆலைகள் கூடாது என்றதும் வேறு கதை. அவை வழியைக் கட்டவில்லை, கையைக் கட்டின. அவற்றுக்குத் தனிச்சொல் வேண்டும். இந்தச் சொல்லை அங்கே இழுக்க மாட்டேன் என்று உறுதி தருகிறேன்.

*

பொருள்: மறு: மறு: மறு: வழிப்பூட்டு?
அனுப்பியவர்: ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி, தூத்துக்குடி

சொல்லைத் தட்டிப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: வாக்கியத்தில் ஓட்டிப் பார்ப்பது. ஓட்டினேன்.

'1660 முதல் புகையிலை வழிப்பூட்டுக்கு உட்பட்டது.' சரி.
'1730இல் அரிசிக்கு வழிப்பூட்டு ஓரளவு தளர்ந்தது.' நன்று.
'1849இல் பிரிட்டன் கப்பற்போக்குவரத்துச் சட்டங்களை நீக்கியது. வழிப்பூட்டு முடிவுக்கு வந்தது.' இங்கே இடறுகிறது. அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிட்டது. 'எஞ்சியிருந்த வழிப்பூட்டும்' என்று போடுங்கள்.
'கோதுமை வழிப்பூட்டில்லாச் சரக்கு.' நாக்கு சுளுக்குகிறது. 'திறந்தவழிச் சரக்கு' என்றால் எளிது.

டெல்லித் தம்பி சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள். சட்டத்தின் வாசகத்தை அப்படியே மொழிபெயர்க்கும் இடத்தில் சட்டம் சொல்லாத பூட்டை நாம் மாட்டக் கூடாது. நாற்பது ஆண்டுக்கு முன் என் மேலதிகாரி ஒருவர், ஓர் அறிவிப்பில் நான் சேர்த்த ஒரே ஒரு பெயரடைக்காக முழுக் கோப்பையும் திருப்பி அனுப்பினார். அன்று திட்டினேன். இன்று அவர் செய்தது சரி என்றே படுகிறது.

*

பொருள்: முடிவு (இப்போதைக்கு)
அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், திருச்சி

எல்லாருக்கும் நன்றி. பதிப்பாசிரியருக்கு நாளை அனுப்பவிருக்கும் சொற்குறிப்பு இது. சட்ட வாசகத்தில் 'பெயர்சுட்டிய சரக்கு'. அந்த ஏற்பாட்டைப் பற்றி ஆசிரியர் தம் குரலில் பேசும் இடத்தில் 'வழிப்பூட்டு', 'வழிப்பூட்டுச் சரக்கு'. அதற்கு எதிரானது 'திறந்தவழிச் சரக்கு'. 'தாய்நாடு' எங்கும் இல்லை, 'ஆளும் நாடு'. காலனியைக் காலனியாகவே விட்டிருக்கிறேன். யாழ்ப்பாண ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் சொன்ன காரணத்தால்தான் விட்டேன்.

டெல்லித் தம்பிக்கு ஒரு சலுகை: முதன்முதலில் வழிப்பூட்டு வரும் இடத்தில், இது சட்டத்தின் சொல் அன்று என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

அடுத்த பக்கத்தில் 'டிராபேக்' காத்திருக்கிறது. இறக்கும்போது கட்டிய தீர்வையை, மறுபடி ஏற்றுமதி செய்யும்போது திருப்பிக் கொடுப்பது. புகையிலை லண்டனைத் தொட்டுவிட்டு ஐரோப்பா போக முடிந்ததே அதனால்தான். 'மீள்தீர்வை' என்று எழுதினேன். மறுபடி விதிக்கும் தீர்வை என்று படிக்கிறது. தூத்துக்குடி ஐயா, உங்கள் அலுவலகத்தில் இதற்கு வணிகர்கள் என்ன சொல்வார்கள்?